மேலே பனி, கீழே புளித்த மாவு: ஃபிரிட்ஜ் விசிறி பற்றி வாசகர் கேள்விகள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு ஃபிரிட்ஜைப் பற்றிய கடிதங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் விசிறியோடு தொடர்புடைய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். பத்து நாட்களாக மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி நன்றாக உறைகிறது. கீழ்ப்பகுதியிலோ குளிர்ச்சியே இல்லை. இரவு உள்ளே வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தை விட்டுப் பொங்கி, தட்டெல்லாம் வழிந்திருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருச்சுங்க, ஏத்தோணும்" என்றார். அவர் சொல்வது சரிதானா? (பல்லடம் வாசகி)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கேஸுக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் வீட்டில் இருப்பது போன்ற, பனி படியாத வகை ஃபிரிட்ஜில் குளிர் உண்டாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்சுவரில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால், கேஸ் ஓடும் வளைகுழாயான குளிர்க்காயில் ஒன்று இருக்கிறது. அந்தக் காயிலின்மேல் காற்றை இழுத்து, ஒரு பங்கை ஃப்ரீசருக்குள்ளும் மீதியைக் காற்றுப் பாதை வழியாகக் கீழ்ப்பகுதிக்கும் தள்ளுவது ஓர் உள்ளங்கை அகலச் சிறு விசிறியின் வேலை. விசிறி நின்றாலும் காயிலை ஒட்டியிருக்கும் ஃப்ரீசர் ஓரளவு குளிர்ந்துகொண்டேயிருக்கும். கீழே இருக்கும் மாவுக்கும் பாலுக்கும்தான் குளிர் வந்து சேராது. கேஸ் குறைந்திருந்தால் குளிர் உண்டாவதே குறைந்துவிடுவதால் ஃப்ரீசரும் சேர்ந்தே தளர்ந்துபோகும். ஐஸ் கட்டி உறைய மறுக்கும், ஐஸ்கிரீம் கூழாகும். மேலே கல்லாக உறைந்து கீழே மட்டும் வெதுவெதுப்பாக இருப்பது, குளிர் உண்டாகிறது, ஆனால் ஊர் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம்.

ஆனால் "அப்படியானால் விசிறிதான் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. விசிறி தானே பழுதாவது ஒரு கதை; நல்ல விசிறியை வேறொன்று நிறுத்தி வைப்பது மற்றொரு கதை. இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். அதைத் தெரிந்துகொள்ளாமல் புது விசிறி போட்டால், பத்து நாள் கழித்துப் புது விசிறியும் நின்றுபோய் நிற்கும்.

முதலில் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். இதில் எல்லோரும் செய்யும் தவறு, கதவைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்பது. பல மாடல்களில் கதவைத் திறந்த மறுகணமே விசிறி நின்றுவிடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆகவே நல்ல விசிறிகூடக் கதவைத் திறந்து பார்ப்பவருக்குச் செத்த விசிறியாகத்தான் தோன்றும். கதவுச் சட்டத்தின் ஓரத்தில், கதவு மூடும்போது அழுந்தும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். கதவைத் திறந்து வைத்து அந்தப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து, பத்து நொடி காத்திருங்கள். விளக்கு அணையும், விசிறி நன்றாக இருந்தால் பின்தகட்டுக்குள்ளிருந்து 'உஸ்' என்று மெல்லிய ஓசை எழும்பி, காற்றுத் துளையின் முன்னால் பிடித்த மெல்லிய காகிதத் துண்டு ஆடும். விளக்குக்கு ஒரு பொத்தான், விசிறிக்கு வேறொரு பொத்தான் என்று இரண்டு இருக்கும் மாடல்களும் உண்டு. புதிய மாடல்களில் பொத்தானே இல்லாமல் கதவுக்குள் இருக்கும் காந்தத்தை உணரும் அமைப்பு இருக்கலாம். அப்படியிருந்தால் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஃப்ரீசருக்குள் வைத்து, கதவை மூடி இரண்டு நிமிடம் கழித்து எடுத்துக் கேட்டுப் பாருங்கள். எளிய வழிதான், ஆனால் பையில் கருவிகளோடு வருகிறவர்கள்கூட இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

இந்தச் சோதனையைக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். காயிலில் படியும் பனியைக் கரைக்க, பழைய மாடல்களில் டைமர் ஒன்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரையும் விசிறியையும் நிறுத்திவிட்டு ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் ஹீட்டரை ஓட்டும். அந்த நேரத்தில் போய்க் காது கொடுத்தால் எல்லாமே செத்ததுபோல் இருக்கும். அரைமணி நேரம் பொறுத்து மறுபடியும் பாருங்கள்.

பொத்தானை அழுத்தியும் விசிறி ஓடவில்லை, அல்லது ஓசை கேட்டும் கீழே காற்று வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பனியின்மேல் விழ வேண்டும். பனி கரைக்கும் ஹீட்டரோ, அதனோடு இணைந்த பைமெட்டல் எனப்படும் வெப்ப ஸ்விட்சோ, தெர்மல் ஃபியூஸோ, டைமரோ பழுதானால் பனி நாளுக்கு நாள் ஏறிக் காயில் முழுவதும் வெள்ளைச் சுவராக அடைத்துவிடும். அதற்குப் பிறகு விசிறி ஓடினாலும் காற்று புகாது. பனி இன்னும் வளர்ந்து இறக்கையைத் தொட்டால் 'டக டக' என்று அடித்து, ஒருநாள் இறக்கையைச் சுற்றி வளையமாக உறைந்து விசிறியையே பூட்டிவிடும். கரைந்த நீர் இறங்கும் துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். அப்போது காய்கறிப் பெட்டியின் அடியில் காரணமில்லாமல் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைப் பிரித்தறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கி, பொருட்களை அண்டை வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றி, இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, அடியில் பழைய துணிகளைப் போட்டு முழுதாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். அவசரமானால் மேசை மின்விசிறியை எதிரில் வைக்கலாம். பிறகு ஓட்டிப் பாருங்கள். விசிறி சுற்றிக் கீழும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பழைய நிலைக்கே திரும்பினால் குற்றம் விசிறியில் இல்லை, பனி கரைக்கும் அமைப்பில் இருக்கிறது. முழுதாகக் கரைந்த பின்னும் பொத்தான் சோதனையில் விசிறி அசையவில்லை என்றால் மோட்டாரோ, பொத்தானோ, வயரோ, இவற்றை இயக்கும் மின்னணுப் பலகையோ பழுது. விசிறி சுற்றி ஃப்ரீசருக்குள் காற்றும் நன்றாக வருகிறது, கீழே மட்டும் வரவில்லை என்றால் நடுவிலிருக்கும் காற்றுக் கதவு மூடியபடியே சிக்கிக்கொண்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ பனியைக் குத்திப் பெயர்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பெருந்துறையில் என் அக்காள் வீட்டில் மச்சான் அப்படித்தான் ஒருமுறை பனியைக் குத்தினார்; 'புஸ்' என்ற ஒரு சத்தத்தோடு, அதுவரை நன்றாக இருந்த கேஸ் அன்றைக்குத்தான் உண்மையாகவே போயிற்று. இப்போதைய ஃபிரிட்ஜுகள் பலவற்றில் நிரப்பியிருப்பது ஆர் 600ஏ என்னும் ஐசோபியூட்டேன். அது தீப்பற்றக்கூடிய வாயு என்பதால் நட்டம் பணத்தோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

அந்த மெக்கானிக் மீண்டும் வந்தால், "பின்தகட்டைக் கழற்றிக் காயிலைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகவே கேளுங்கள். காயில் முழுவதும் தடித்த பனி இருந்தால் பனி கரைக்கும் பழுது. காயிலுக்குள் கேஸ் நுழையும் வாயிலை ஒட்டிய ஓரிரு சுற்றுகளில் மட்டும் பனி படிந்து மீதிக் காயில் வெறுமையாக இருந்தால் அவர் சொன்ன கேஸ் விஷயத்தை நம்பலாம். கையை வைத்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை இருக்கிறது. ஃபிரிட்ஜின் பின்னால் அடிப்பக்கத்திலிருந்து 'கிரீச்' என்ற சத்தம் ஒரு மாதமாக வருகிறது. இப்போது சத்தம் நின்றுவிட்டது. ஆனால் மேலும் கீழும் இரண்டுமே சரியாகக் குளிரவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கிறது. (சோமனூர் வாசகர்)

பதில்: சத்தம் நின்றது நல்ல செய்தியன்று. அடிப்பக்கத்தில் கம்ப்ரசருக்கு அருகில் இருப்பது வேறு விசிறி. சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின்மேலும் கம்ப்ரசரின்மேலும் காற்றை ஓட்டுவது அதன் வேலை. உங்கள் கொட்டகையில் பறக்கும் பஞ்சு அந்த விசிறிக்குள் இழுக்கப்பட்டு, அச்சைச் சுற்றி நூல்போல் திரண்டு, கண்டென்சரின்மேல் கம்பளியாகப் படிந்திருக்கும். தறியில் நின்றுபோன மோட்டாரைக் கழற்றிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விசிறி நின்றதும் சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் கொதிக்கிறது; அதைக் காக்கும் ஓவர்லோடு மின்சாரத்தைத் துண்டிக்கிறது; சற்று ஆறியதும் மறுபடி இணைக்கிறது. நீங்கள் கேட்கும் 'டிக்' பெரும்பாலும் அதுதான். இந்த நிலையில் ஓட்டிக்கொண்டே போனால் சிறிய விசிறிக்குப் பதிலாகக் கம்ப்ரசருக்கே செலவு செய்ய நேரும், இன்றே நிறுத்திவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, பின்னால் அடியிலுள்ள அட்டை மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். பஞ்சைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்துவிடுங்கள். தறிக்கு அடிக்கும் காற்றுக் குழாயை இங்கே கொண்டுவர வேண்டாம், அது பஞ்சை இன்னும் உள்ளே தள்ளுவதோடு இறக்கையையும் முறித்துவிடும். பிறகு இறக்கையை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல விசிறி சில சுற்றாவது தானே ஓடி மெல்ல நிற்கும். விரலை எடுத்ததும் சட்டென்று நின்றாலும், அச்சைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடினாலும், அச்சைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது இறக்கை சுற்றும் திசை பழையதைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ஓடுகிறது என்ற தோற்றம் இருக்கும், காற்று இருக்காது.

நம் நாட்டில் விற்கும் மாடல்கள் பலவற்றில் கண்டென்சர் குழாய் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருப்பதால் இந்த அடி விசிறியே இருப்பதில்லை என்பதையும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அவற்றில் பக்கச் சுவர் சூடாக இருப்பது இயல்பு. தறி வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பின்புறத்தைத் துடைக்காமல் விடக் கூடாது.

கேள்வி: பணியிலிருந்து ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன். கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. ஃப்ரீசர் விசிறியின் மோட்டாரையும் ஹீட்டரையும் நானே சோதித்துப் பார்க்க இயலுமா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: இயலும், ஐயா, பிளக்கைப் பிடுங்கிய பிறகு செய்யும் அளவீடுகளோடு நிறுத்திக்கொள்வதானால். உங்களுடையது பழைய வகையானால் விசிறி மோட்டார் நேரடியாக 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் ஓடும். அதற்கு இரண்டே வயர் இருக்கும். இணைப்பைக் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, இரு முனைகளுக்கும் இடையில் அளந்தால் சில நூறு ஓம் அளவில் ஏதோ ஒரு மதிப்பு வர வேண்டும். எல்லையற்றதாகக் காட்டினால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிக் காயில் அறுந்திருக்கிறது. சரியான மதிப்பு காட்டினாலும் மோட்டார் நல்லதென்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. அச்சு இறுகியிருந்தால் ஓமில் அது தெரியாது. ஆகவே மீட்டரோடு விரலையும் நம்புங்கள்.

இன்வெர்ட்டர் வகையானால் விசிறி பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், மூன்று அல்லது நான்கு வயரோடு இருக்கும். உள்ளேயே மின்னணுச் சுற்று இருப்பதால் ஓம் அளவீடு அங்கே எதையும் உறுதியாகச் சொல்லாது. அவ்வயர்களில் ஒன்று, "நான் சுற்றுகிறேன்" என்ற தகவலைப் பலகைக்குத் திருப்பி அனுப்புவது. அது வராவிட்டால் பல மாடல்கள் பிழை எண்ணைக் காட்டும் அல்லது விளக்கைக் குறிப்பிட்ட முறையில் சிமிட்டும். கையேட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது பலகையில் அளக்கும் வேலையை அதைத் தொழிலாகச் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். அதிலுள்ள மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்பவை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அந்த மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடியவை.

ஹீட்டருக்கு உங்கள் பாடத்திலேயே வழி இருக்கிறது. 230ஐ 230ஆல் பெருக்கி, ஹீட்டரின்மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய ஓம் கிடைக்கும். 150 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 350 ஓம். பைமெட்டலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது உறைநிலைக்குக் கீழே போன பிறகே இணைப்பை மூடும், பனி கரைந்து சற்று வெப்பமானதும் திறந்துகொள்ளும். ஆகையால் கழற்றி மேசைமேல் வைத்து அளந்தால் திறந்ததாகத்தான் காட்டும். அதைப் பழுதென்று எண்ணி எறிந்துவிடாமல், நன்றாக வேலை செய்யும் வேறொரு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு அளக்க வேண்டும். அப்போதும் மூடவில்லை என்றால் மட்டுமே அது பழுது. தெர்மல் ஃபியூஸ் இதற்கு நேர்மாறு. அது எந்த நிலையிலும் மூடியே இருக்க வேண்டும், ஒருமுறை போனால் போனதுதான்.

கேள்வி: ஃப்ரீசர் விசிறி சத்தம் போட்டதால் வீட்டுக்காரர் பின்தகட்டைக் கழற்றி அச்சில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார். ஒரு நாள் நன்றாக ஓடியது. மறுநாள் சுத்தமாக நின்றுவிட்டது. எண்ணெய் போதவில்லையா? கோவையில் மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்தால் சரியாகுமா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: எண்ணெய் போதாமல் அன்று, எண்ணெயாலேயே நின்றது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் தேங்காயெண்ணெய் வெண்ணெய்போல் இறுகுவதைப் பொள்ளாச்சியில் பார்க்காதவர் இல்லை. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அது உறைந்துவிடும். ஃப்ரீசரோ மைனஸ் 18 டிகிரியில் நிற்பது. கழற்றி மாட்டிய சூட்டில் எண்ணெய் இளகி இருந்தவரை விசிறி ஓடியது, குளிர் ஏறியதும் மெழுகாகி அச்சைப் பிடித்துக்கொண்டது. தையல் இயந்திர எண்ணெயும் இங்கே நெடுநாள் நிற்காது. புஷ் தேய்ந்து எழுந்த சத்தத்துக்கு எண்ணெய் மருந்தாகாது என்பது ஒருபுறம் இருக்க, சத்தம் உண்மையில் அச்சிலிருந்துதான் வந்ததா, இறக்கை பனியில் உரசியதா என்பதையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

காயில் கட்டும் யோசனை நம் ஊர்ப் பழக்கம். பம்பு மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் செய்கிற கோவையில் எரிந்த மோட்டார் எதுவானாலும் கட்டிக் கொடுக்க ஆள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சிறு மோட்டாரில் பெரும்பாலும் கெடுவது காயில் அன்று, புஷ். அதைப் பிரித்துச் செய்யும் கூலியும் புது மோட்டாரின் விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து நிற்கும். மாடல் எண் ஒட்டிய வில்லையைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதே வோல்ட், அதே இணைப்பு, அதே அச்சு நீளம் உள்ள மோட்டாரை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: சாயங்காலம் மட்டும் ஃபிரிட்ஜ் குளிர்வதில்லை, விசிறி மெல்லச் சுற்றுவதுபோல் இருக்கிறது, சில நேரம் 'ம்ம்' என்று முனகுவதோடு சரி. காலையில் எல்லாம் சரியாகிவிடுகிறது. தோட்டத்து வீடு, மின்கம்பத்திலிருந்து தூரம். (சென்னிமலை அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நேரம் பார்த்து வரும் பழுது பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்குள் இருப்பதில்லை. சாயங்காலம் குளிர்ச்சி குறையும் அந்த வேளையில் பிளக் முனையில் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டுக்குப் பத்து விழுக்காடு கூடலாம் குறையலாம், அதாவது 207க்கும் 253க்கும் இடையில் இருக்கலாம். நீண்ட கம்பி வழியாக வரும் தோட்டத்து வீடுகளில், அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும்போது அது 180க்கு இறங்குவதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். இவ்வகைச் சிறு மோட்டாரின் சுழற்று விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து குறைவது. 180 வோல்ட்டில் அதற்கு ஐந்தில் மூன்று பங்கு விசைதான் மிஞ்சும். குளிரில் சற்று இறுகிய அச்சை அந்த விசையால் புரட்ட முடியாமல் முனகிக்கொண்டு நிற்கிறது. அப்படி முனகிக்கொண்டே நிற்பது காயிலுக்கும் நல்லதன்று. கம்ப்ரசருக்கு அதைவிடக் கெடுதல். உங்கள் வீட்டில் மின்னழுத்தம் எவ்வளவு தாழ்கிறதோ அதற்கும் கீழே தாங்கும் ஸ்டெபிலைசராகப் பார்த்து வாங்குங்கள். 'ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர்' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. மின்வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள், அளந்த நேரத்தையும் எண்ணையும் குறித்து.

கேள்வி: முல்லைப் பூவைச் சாக்குப்பையோடு ஃபிரிட்ஜில் வைக்கிறோம். பூ வைத்த நாட்களில் மட்டும் கீழ்த்தட்டு குளிர்வதில்லை. விசிறி பழுதா? (சத்தியமங்கலம் வாசகி)

பதில்: இல்லை. பை பின்சுவரிலுள்ள காற்றுத் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.